பால் சி: இசைத்தட்டிலிருந்து ட்ரம்ஸைப் பிரித்தெடுத்தவர்

1988 அக்டோபரில், நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியைச் சேர்ந்த அல்ட்ராமேக்னெட்டிக் எம்சிஸ் குழு ‘கிரிட்டிக்கல் பீட்டவுன்’ என்ற தன் முதல் ஆல்பத்தை வெளியிட்டது. ஹிப் ஹாப் வரலாறு எழுதும் எவரும் அந்த ஆல்பத்தைத் தொடாமல் போவதில்லை. அதில் ‘கிவ் த டிரம்மர் சம்’ என்று ஒரு பாட்டு. குழுவின் ராப்பர் கூல் கீத்தின் கிறுக்கு வரிகளை ஒரு நிமிடம் மறந்துவிட்டு, அடியில் ஓடும் ட்ரம்ஸை மட்டும் கவனித்தால் ஒரு கேள்வி எழும். ஒலியின் கரகரப்பிலேயே பழைய இசைத்தட்டு ஒன்றிலிருந்து எடுத்தது என்று தெரிகிறது. அப்படியானால் அந்தத் தட்டில் ட்ரம்ஸோடு சேர்ந்து வாசிக்கப்பட்ட மற்ற வாத்தியங்கள் எங்கே போயின?

மூலப் பதிவு 1969ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஜேம்ஸ் பிரவுனின் ‘தேர் வாஸ் எ டைம்’ பாடலை, சின்சினாட்டியைச் சேர்ந்த டீ ஃபெலிஸ் ட்ரியோ என்ற சிறிய ஜாஸ் குழு தன் பாணியில் வாசித்திருந்தது. குழுவின் தலைவரே டிரம்மர் என்பதால் அந்தத் தட்டில் ட்ரம்ஸுக்கு நல்ல இடம் உண்டு. அறுபதுகளின் ஸ்டீரியோ பதிவுகளில் வாத்தியங்களை இடது ஸ்பீக்கருக்குச் சில, வலது ஸ்பீக்கருக்குச் சில என்று தாராளமாகப் பிரித்து வைப்பார்கள். நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் ஒரு ஸ்டூடியோவில் உட்கார்ந்திருந்த, இருபதுகளின் தொடக்கத்திலிருந்த ஓர் இளைஞர் அந்தத் தட்டின் ஒரு பக்க ஒலியை மட்டும் எடுத்துக்கொண்டு, மறுபக்கத்தை அப்படியே விட்டுவிட்டார். ட்ரம்ஸ் தனியாகக் கையில் கிடைத்தது.

கேட்பதற்கு மிக எளிய தந்திரம். ஆனால் அதுவரை சாம்பிள் எடுத்தவர்களில், அதாவது பழைய தட்டின் துண்டை வெட்டிப் புதுப் பாட்டில் சேர்த்தவர்களில், பெரும்பாலோர் வேறு வாத்தியம் எதுவும் குறுக்கிடாமல் ட்ரம்ஸ் மட்டும் சில விநாடிகள் ஒலிக்கும் ‘பிரேக்’ எங்கே கிடைக்கும் என்று தட்டு தட்டாகத் தேடிக்கொண்டிருந்தார்கள். பிரேக்கே இல்லாத பாட்டிலிருந்தும் ட்ரம்ஸை உருவ முடியும் என்றால் தேடவேண்டிய இடமே மாறிவிடுகிறது. அந்த இளைஞரின் முழுப்பெயர் பால் மக்காஸ்டி. இசை வட்டாரத்தில் பால் சி. ஆல்பம் வெளிவந்து ஒன்பது மாதங்களில் அவர் கொல்லப்பட்டார். ஹிப் ஹாப் ரசிகர்களிலேயே பாதிப் பேருக்கு அவர் பெயர் தெரியாது.

ஹிப் ஹாப்பில் ‘புரொட்யூசர்’ என்றால் பணம் போடுபவர் அல்ல, ராப்பரின் குரலுக்கு அடியில் ஓடும் இசையைக் கட்டுபவர். இந்தப் பொருளில் பால் சி ஒரு புரொட்யூசர். ஆனால் அவர் வேலை செய்த தட்டுகளில் பலவற்றின் அட்டை அவரை அப்படிச் சொல்லவில்லை. சிலவற்றில் அவர் ஒலிப்பதிவுப் பொறியாளர். சிலவற்றில் எதுவுமே இல்லை. அவர் அறியப்படாமல் போனதற்கு இளவயது மரணத்தைக் காரணமாகச் சொல்வது வழக்கம். மரணம் ஒரு காரணம்தான். அதைவிட முக்கியமான காரணம், எண்பதுகளின் கடைசியில் ஸ்டூடியோவுக்குள் யார் செய்த வேலைக்கு என்ன பெயர் வைக்கப்பட்டது என்பதில் இருக்கிறது.

மக்காஸ்டி 1964 செப்டம்பரில் பிறந்தவர். வளர்ந்தது குயின்ஸின் தென்கிழக்கு மூலையில், கென்னடி விமான நிலையத்துக்கு அருகிலுள்ள ரோஸ்டேலில். எழுபதுகளில் அங்கே கறுப்பினக் குடும்பங்கள் வீடு வாங்கிக் குடியேறத் தொடங்கியபோது வெள்ளையர்களில் ஒரு பகுதியினர் மூர்க்கமாக எதிர்த்தார்கள்; வீட்டின் மீது குண்டு வீசுகிற அளவுக்குப் போனது. அந்தப் பகுதியிலிருந்து வந்த ஒரு வெள்ளை இளைஞர், அடுத்த பத்தாண்டில் பக்கத்து லாரல்டன், ஜமைக்கா பகுதிகளின் கறுப்பின ராப்பர்களுக்கு மிகவும் நம்பிக்கையான ஆளாக ஆனார். இதை வைத்து ஒரு நல்லிணக்கக் கதை எழுத ஆசை வரும். எனக்கு அதில் நாட்டமில்லை. அவரைத் தேடி வந்தவர்கள் நல்ல ட்ரம்ஸ் ஒலி கிடைக்கும் என்பதற்காக வந்தார்கள். அதுவே போதுமான காரணம்.

அவருடைய தொடக்கம் ஹிப் ஹாப்பில் இல்லை. மேண்டலின்ட்லி ரோட் ஷோ என்ற பாப் ராக் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தார். பேஸ் வாசிப்பவருக்கு ஒரு தொழில் பழக்கம் உண்டு: டிரம்மர் காலால் மிதித்து ஒலிக்கும் கிக் என்ற பெரிய ட்ரம்மின் அடி எங்கே விழுகிறது என்பதிலேயே காது நிற்கும். கிக்கும் பேஸும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து மங்கிப்போகாமல் பார்த்துக்கொள்வது பாதி வேலை. பின்னாளில் அவர் கலந்து கொடுத்த பாட்டுகளில் கிக்கும் பேஸும் தனித்தனியாக, தெளிவாக நிற்பதற்கு இந்தப் பழக்கம் உதவியிருக்கும் என்பது என் கணிப்பு.

ராப் பக்கம் அவரை இழுத்தவர்களில் லாரல்டனைச் சேர்ந்த மைக்கி டி முக்கியமானவர். புகழ்பெற்ற ராப்பர் எல்.எல். கூல் ஜேயின் இளமைக்கால நண்பர் இந்த மைக்கி டி. இவர், டிஜே ஜானி க்வெஸ்ட், பால் சி மூவரும் சேர்ந்து மைக்கி டி அண்ட் தி எல்.ஏ. பாசி என்ற குழுவை அமைத்தார்கள். எல்.ஏ. என்பது லாஸ் ஏஞ்சலஸைக் குறிப்பதல்ல, லாரல்டனைக் குறிப்பது. பெரிய விற்பனை எதுவும் இல்லை. ஆனால் குயின்ஸின் ஜமைக்கா பகுதியிலிருந்த 1212 என்ற ஸ்டூடியோவில் பால் சி வேலை செய்யத் தொடங்கியிருந்தார். அக்கம்பக்கத்து இளைஞர்கள் சேர்த்த காசில் ஒன்றிரண்டு மணி நேரம் எடுத்து டெமோ பதிவு செய்யும் இடம் அது. 1987இலிருந்து 1989 நடுப்பகுதி வரை, சுமார் இரண்டரை ஆண்டுகள்தான் அவருடைய முக்கியமான உழைப்புக் காலம்.

அந்த இரண்டரை ஆண்டுகள் ஏன் முக்கியமானவை என்பதற்கு அப்போதைய கருவிகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ராப் பாட்டுகளின் தாளம் பெரும்பாலும் ட்ரம் மெஷினிலிருந்து வந்தது. கருவிக்குள் கம்பெனிக்காரர் வைத்த ஒலிகள்தான்; எல்லோருடைய கிக்கும் எல்லோருடைய ஸ்னேரும் (கூர்மையாக ஒலிக்கும் சிறிய ட்ரம்) ஒரே மாதிரி இருக்கும். எண்பதுகளின் நடுவில், அதே குயின்ஸின் மறுகோடியிலுள்ள குயின்ஸ்பிரிட்ஜைச் சேர்ந்த மார்லி மார்ல் என்ற புரொட்யூசர், சாம்ப்ளரில் (ஒலித்துண்டைப் பிடித்து வைத்து மறுபடி ஒலிக்கும் கருவி) ஒரு குரலைப் பிடிக்க முயன்றபோது தற்செயலாக ஒரு ஸ்னேர் அடி சிக்கியதாகச் சொல்லியிருக்கிறார். அதைத் தட்டினால் பழைய தட்டில் கேட்ட அதே ஸ்னேர், ஆனால் இவர் விரும்பும் இடத்தில் விழுந்தது. பழைய தட்டின் ட்ரம்ஸை ஒற்றை ஒற்றை அடியாகப் பிரித்துப் புதிய தாளமாகக் கோக்கலாம் என்பது அங்கிருந்து பரவிய பாடம்.

1987இல் கலிஃபோர்னியாவின் ஈ-மியூ சிஸ்டம்ஸ் நிறுவனம் எஸ்பி 1200 என்ற கருவியை வெளியிட்டது. அதற்கு முந்தைய எஸ்பி 12ஐவிடக் கூடுதல் நேரம் சாம்பிள் எடுக்கக்கூடியது. ‘கூடுதல்’ என்றால் மொத்தம் சுமார் 10 விநாடி. ஒரு தடவையில் எடுக்கக்கூடியது இரண்டரை விநாடிதான். 12 பிட் ஒலி, நொடிக்கு சுமார் 26,000 மாதிரிகள். குறுந்தகட்டின் தரம் 16 பிட், 44,100. அதாவது அன்றைய அளவுகோலிலேயே இது மட்டமான ஒலி. ஆனால் அந்தக் குறையில் ட்ரம்ஸ் ஒருவித முரட்டுத்தன்மையோடு, கனமாக ஒலித்தது. அதற்காகவே இன்றும் பழைய கருவிகளைப் பெரும் விலை கொடுத்து வாங்குகிறார்கள்.

நிமிடத்துக்கு 100 அடி வேகத்தில் ஓடும் பாட்டில், நான்கு அடி கொண்ட ஒரு சுற்றுக்கு 2.4 விநாடி ஆகும். ஆகவே ஒரு முழுச் சுற்றை எடுத்தால் கருவியின் ஒரு பொத்தானுக்கு அனுமதிக்கப்பட்ட இடம் கிட்டத்தட்ட முடிந்துவிடும். அப்படி நான்கு எடுத்தால் மொத்த நினைவகமும் தீர்ந்துவிடும். இந்த நெருக்கடிக்கு அந்தத் தலைமுறை கண்டுபிடித்த குறுக்கு வழி அழகானது. நிமிடத்துக்கு 33 சுற்று ஓடவேண்டிய தட்டை 45இல் ஓடவிட்டு, வேகமான ஒலியை உள்ளே எடுத்து, கருவிக்குள் மறுபடி வேகத்தைக் குறைப்பார்கள். இரண்டரை விநாடி இடத்துக்குள் மூன்றே கால் விநாடிக்குமேல் அடங்கிவிடும். ஒலி இன்னும் கொஞ்சம் கரகரக்கும், அதுவும் பிடித்துத்தான் இருந்தது.

இதெல்லாம் பலரும் செய்தவை. பால் சியின் தனித்தன்மை, இவற்றை ஒரு மிக்ஸிங் பொறியாளரின் காதோடு செய்ததில் இருக்கிறது. எஸ்பி 1200இன் பின்புறம் எட்டுத் தனித்தனி வெளியீடுகள் உண்டு. பலர் எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து டேப்புக்கு அனுப்பிவிடுவார்கள். ஒலிப்பதிவு தெரிந்தவரோ கிக்கை ஒரு வழியிலும், ஸ்னேரை ஒரு வழியிலும், ஹை-ஹாட் என்ற ஜோடிச் சிம்பலை ஒரு வழியிலும் மிக்ஸருக்குக் கொண்டுவந்து, ஒவ்வொன்றின் அழுத்தத்தையும் கூர்மையையும் தனியாகச் சரிசெய்வார். பழைய தட்டில் மூன்றும் ஒரே பதிவுக்குள் இறுகிக் கிடந்தவை. அவற்றை வெட்டிப் பிரித்து, உண்மையான ட்ரம்ஸ் செட்டின் முன் தனித்தனி மைக் வைத்ததுபோல மறுபடி நடத்துவது இரண்டு தொழில்களின் அறிவைக் கேட்கிற வேலை. ஒருவர் பீட் கட்டுவார், வேறொருவர் அதைப் பதிவு செய்வார் என்ற ஏற்பாட்டில் இது வாய்க்காது. பால் சியிடம் இரண்டும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தன.

சூப்பர் லவர் சீ அண்ட் காஸனோவா ரட் ஜோடியின் ‘டு த ஜேம்ஸ்’ இந்தக் காலத்தின் தொடக்கத்தில் வந்தது. பெயரே சொல்வதுபோல, ஜேம்ஸ் பிரவுன் இசையை வெட்டி ஒட்டிய பாட்டு. அன்று ஜேம்ஸ் பிரவுனை எடுக்காத ராப் குழு இல்லை என்று சொல்லிவிடலாம்; பிரேக்குகளைத் தொகுத்து விற்ற ‘அல்டிமேட் பிரேக்ஸ் அண்ட் பீட்ஸ்’ வரிசைத் தட்டுகள் 1986இலிருந்து கடைகளில் கிடைத்ததால் எல்லோருக்கும் ஒரே கச்சாப்பொருள். அப்படி இருக்கும்போது வெட்டு எங்கே விழுகிறது, எந்த அடி எவ்வளவு தள்ளி வருகிறது என்பதில்தான் வேறுபாடு தெரியும். இந்த ஜோடியின் ஆல்பம் 1988இல் எலெக்ட்ரா நிறுவனம் வழியாக வந்தது. பாட்டுகள் எல்லாமே தேறும் என்று நான் சொல்லமாட்டேன். சில இடங்களில் ராப் சாதாரணம், ட்ரம்ஸ் மட்டும் அசாதாரணம்.

கனெக்டிகட்டின் நியூ ஹேவனிலிருந்து வந்த ஸ்டீஸோ 1989இல் வெளியிட்ட ‘இட்ஸ் மை டர்ன்’ வேறு வகை. ஸ்கல் ஸ்னாப்ஸ் என்ற குழு 1973இல் வெளியிட்ட ‘இட்ஸ் எ நியூ டே’ பாட்டின் தொடக்க ட்ரம்ஸ் அதில் பயன்பட்டது. அந்த பிரேக்கைக் கண்டெடுத்தது ஸ்டீஸோவின் வட்டம். பால் சி அந்தப் பாட்டின் ஒலிப்பதிவில் பங்கெடுத்தார். அதற்குப் பிறகு தொண்ணூறுகளின் ஹிப் ஹாப்பில் அதிகம் பயன்படுத்தப்பட்ட ட்ரம்ஸ்களில் ஸ்கல் ஸ்னாப்ஸும் ஒன்றாயிற்று. கேட்டவர்களுக்கு அந்த ட்ரம்ஸ் தெரியும், எடுத்தவர்களுக்கு ஸ்டீஸோவைத் தெரியும். பதிவு செய்த கையைப் பற்றிக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

பால் சியின் பெயருக்கு நேர்ந்தது தனி விபத்தல்ல என்பதற்கு அவருக்கு மிக அருகிலேயே சாட்சி இருக்கிறது. அல்ட்ராமேக்னெட்டிக் குழுவின் இசையைப் பெரும்பாலும் கட்டியவர் அதன் உறுப்பினர் செட் ஜீ. பூகி டவுன் புரொடக்‌ஷன்ஸ் என்ற ராப் குழுவின் 1987ஆம் ஆண்டு ஆல்பமான ‘கிரிமினல் மைண்டட்’ இசையிலும் அவருடைய எஸ்பி 12 கருவிக்கும் கைக்கும் பெரிய பங்கு உண்டு. அட்டையில் கிடைத்தது ஒரு நன்றிக் குறிப்பு. எரிக் பி அண்ட் ராகிம் ஜோடியின் முதல் பாட்டான ‘எரிக் பி இஸ் பிரெசிடென்ட்’டைக் கட்டியது தானே என்று மார்லி மார்ல் சொல்ல, எரிக் பி மறுக்க, அந்த வாக்குவாதம் பல ஆண்டுகள் நீண்டது.

பணத்தின் வழியைப் பார்த்தால் ஏன் இப்படி என்று புரியும். புரொட்யூசர் என்று எழுதப்பட்டால் தட்டின் விற்பனையில் சில சதவீதம் பங்கு. பாட்டின் இசையமைப்பில் பெயர் வந்தால் அதற்குத் தனி ராயல்டி. ஒலிப்பதிவுப் பொறியாளருக்கு மணிக்கணக்கில் கூலி. டேப் முடிந்ததும் கணக்கு முடிந்தது. ஆகவே ‘இவர் புரொட்யூசரா, பொறியாளரா?’ என்பது அழகியல் கேள்வியாக ஒருபோதும் இருந்ததில்லை. நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டவர் ராப்பரோ டிஜேயோ. பீட்டுக்கான யோசனையைத் தட்டாகக் கொண்டுவருபவரும் அவர்களே. ஸ்டூடியோவோடு சேர்ந்து மணிவாடகைக்குக் கிடைக்கும் ஆள், அந்த யோசனையை அடையாளமே தெரியாத அளவுக்கு வளர்த்துக் கொடுத்தாலும், அவர் செய்தது ‘கருவியை இயக்கியது’ என்றே கணக்கில் ஏறும். அவரும் அந்த வயதில் வாதாடியிருக்கமாட்டார். பணம் தெரியாத சிறிய துறை. பொறுமை இல்லாத இளைஞர்கள். எழுத்தில் எதுவும் இல்லை.

இதில் ஒரு முரணையும் சொல்லாமல் விடக்கூடாது. பால் சி எந்த ட்ரம்ஸை வைத்து வேலை செய்தாரோ, அதை முதலில் வாசித்த மனிதர்களுக்கும் எதுவும் போகவில்லை. ‘ஃபங்கி டிரம்மர்’ பாட்டில் வாசித்த கிளைட் ஸ்டபிள்ஃபீல்டின் சில விநாடி வாசிப்பு நூற்றுக்கணக்கான பாட்டுகளில் புகுந்தது. பாட்டு ஜேம்ஸ் பிரவுன் பெயரில் இருந்ததால் அந்தச் சாம்பிள்களிலிருந்து அவருக்கு ராயல்டி வரவில்லை. வரிசையில் ஒவ்வொருவரும் தனக்குப் பின்னால் நின்றவரின் பெயரை விழுங்கியிருக்கிறார்கள். பால் சியை வெறும் பாதிக்கப்பட்டவராக எழுதினால் இந்த வரிசை மறைந்துபோகும்.

1989 வாக்கில் அவருடைய மதிப்பு நகரத்தின் மேல்மட்டம் வரை எட்டியிருந்தது. எரிக் பி அண்ட் ராகிம் தங்கள் மூன்றாவது ஆல்பத்துக்கு அவரை அழைத்தார்கள். அன்று ராகிமை விட மதிக்கப்பட்ட ராப்பர் இல்லை. இதோடு, சவுத் ஜமைக்காவைச் சேர்ந்த இரண்டு இளைஞர்களின் டெமோவையும் பால் சி வளர்த்துக்கொண்டிருந்தார். அப்போது சிம்ப்ளி டூ பாசிட்டிவ் எம்சிஸ் என்று பெயர் வைத்திருந்த அந்த இருவரும் பின்னாளில் ஆர்கனைஸ்டு கன்ஃபியூஷன் ஆனார்கள்: பிரின்ஸ் போ, ஃபாரோ மோன்ச். சொல்லடுக்கில் இவர்களுக்கு நிகரான ஜோடி அந்தப் பத்தாண்டில் அரிது.

1989 ஜூலை 17 அன்று, ரோஸ்டேல் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த பால் சி சுட்டுக் கொல்லப்பட்டார். 24 வயது. வழக்கில் இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை. கொலையைச் சுற்றி உலவும் ஊகங்கள் பல. அவற்றை இங்கே எடுத்து வைப்பதில் பயனில்லை.

ராகிமின் ஆல்பம் பாதியில் நின்றது. அதை முடிக்க வந்தவர் பள்ளிப் பருவத்தையே முழுதாகத் தாண்டாத ஓர் இளைஞர்: வில்லியம் மிட்செல், இசை உலகில் லார்ஜ் புரொஃபசர். 1972இல் பிறந்தவர். தன் மெயின் சோர்ஸ் குழுவின் டெமோவைப் பதிவு செய்ய 1212க்கு வந்தவர், அங்கே பால் சியிடம் எஸ்பி 1200ஐக் கையாளக் கற்றுக்கொண்டார். இதை அவர் பேட்டிகளில் திரும்பத் திரும்பச் சொல்லிவந்திருக்கிறார். ஆசிரியர் விட்ட இடத்திலிருந்து மாணவர் எடுத்து முடித்த அந்த ஆல்பம், ‘லெட் த ரிதம் ஹிட் எம்’, 1990இல் வெளிவந்தது. ஹிப் ஹாப் பத்திரிகையான ‘த சோர்ஸ்’ தன் உச்ச மதிப்பெண்ணான ஐந்துக்கு ஐந்து மைக் கொடுத்தது. அட்டையில் தயாரிப்பு எரிக் பி அண்ட் ராகிம் என்றே இருந்தது. ஆசிரியருக்கு நேர்ந்த அதே கதி மாணவருக்கும் முதல் பெரிய வேலையிலேயே நேர்ந்தது.

ஆனால் லார்ஜ் புரொஃபசருக்கு வாழ நாள் கிடைத்தது, அதனால் கணக்கு நேரானது. 1991இல் மெயின் சோர்ஸின் ‘பிரேக்கிங் ஆட்டம்ஸ்’ வந்தது. அதிலுள்ள ‘லைவ் அட் த பார்பெக்யூ’ பாட்டில் குயின்ஸ்பிரிட்ஜ் சிறுவன் ஒருவன் முதன்முதலாகத் தட்டில் ராப் செய்தான்; அவன்தான் நாஸ். 1994இல் நாஸின் ‘இல்மேட்டிக்’ வந்தபோது அதில் ‘ஹாஃப்டைம்’ உட்பட மூன்று பாட்டுகளின் இசை லார்ஜ் புரொஃபசருடையது. ஹிப் ஹாப்பின் ஆகச்சிறந்த ஆல்பம் எது என்ற முடிவில்லாத சண்டையில் எப்போதும் முன்னால் நிற்கும் பெயர் இல்மேட்டிக். அதன் ட்ரம்ஸைப் பற்றிப் பேசுகிற எவரும், ஒரு தலைமுறை பின்னால் போனால், ஜமைக்காவின் அந்த ஸ்டூடியோவில் போய் நிற்கவேண்டியிருக்கும். இந்தக் கதைக்கு ஒரு விசித்திரக் கிளையும் உண்டு. லார்ஜ் புரொஃபசர் மெயின் சோர்ஸிலிருந்து விலகியபோது அவர் இடத்துக்கு வந்தவர், பால் சியின் பழைய தோழர் மைக்கி டி.

மறுபக்கம் ஒன்றும் இருக்கிறது. இறந்தவரின் பெயரைச் சுற்றி வேலைப்பட்டியல் வளர்வது இயல்பு. பால் சி எல்லாவற்றையும் கண்டுபிடித்தார் என்று எழுதும் ரசிகர்கள் உண்டு. சாம்பிளை அடி அடியாக வெட்டுவது மார்லி மார்லுக்கும் செட் ஜீக்கும் தெரிந்தே இருந்தது. ‘கிரிட்டிக்கல் பீட்டவுன்’ முழுவதையும் பால் சி கணக்கில் எழுதினால் செட் ஜீக்கு இரண்டாவது தடவை அநியாயம் செய்ததாகிவிடும். பால் சிக்கு உறுதியாகச் சேரவேண்டியது வேறு: சாம்ப்ளரைப் பொறியாளரின் கருவியாக நடத்தியது, ஸ்டீரியோவின் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்து வேண்டாத வாத்தியத்தை விலக்கியது, இதையெல்லாம் ஒளித்து வைக்காமல் ஸ்டூடியோவுக்கு வந்த பையன்களுக்குக் கற்றுக்கொடுத்தது. மூன்றாவதை நான் முதலாவதாக வைப்பேன். அன்றைய பீட் கட்டுகிறவர்களுக்குத் தட்டின் பெயரைக்கூட வெளியில் சொல்லாமல் பாதுகாப்பது தொழில் தர்மமாக இருந்தது. போட்டிக்காரர் பார்த்துவிடக்கூடாது என்று தட்டின் நடு லேபிளைக் கிழித்து வைத்த டிஜேக்கள் இருந்த ஊர் அது.

அவர் வேலை செய்த ஆண்டுகள் இன்னொரு வகையிலும் மீண்டும் வராதவை. 1991 டிசம்பரில் நியூயார்க் நீதிமன்றம், ராப்பர் பிஸ் மார்க்கி அனுமதியில்லாமல் எடுத்த ஒரு சாம்பிளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ‘திருடாதே’ என்ற பைபிள் கட்டளையோடு தொடங்கியது அந்தத் தீர்ப்பு. அதன் பிறகு ஒவ்வொரு சாம்பிளுக்கும் அனுமதியும் கட்டணமும் என்றானது. வக்கீலின் செலவும் ஆல்பத்தின் பட்ஜெட்டுக்குள் ஏறியது. 1988இல் பால் சி எந்தத் தட்டை வேண்டுமானாலும் எடுத்து, எந்தப் பக்கத்தை வேண்டுமானாலும் வெட்டினார். சட்டம் இன்னும் அந்த அறைக்குள் எட்டிப்பார்க்கவில்லை. ‘கிவ் த டிரம்மர் சம்’ பாட்டிலிருந்தே கூல் கீத்தின் ஒரு வரியை 1997இல் பிரிட்டனின் த ப்ராடிஜி குழு எடுத்து உலகமெங்கும் சர்ச்சையைக் கிளப்பிய பாட்டாக்கியது. சாம்பிளால் கட்டிய பாட்டு தானே சாம்பிளாகிவிட்டது.

கேட்டுப் பார்க்க விரும்புகிறவர்கள் ‘கிவ் த டிரம்மர் சம்’ பாட்டில் தொடங்கலாம். முடிந்தால் டீ ஃபெலிஸ் ட்ரியோவின் மூலப் பதிவை ஹெட்ஃபோனில் போட்டு ஒரு காதை மட்டும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். அவர் என்ன செய்தார் என்பது எந்த விளக்கத்தையும்விடச் சட்டென்று புரியும். அடுத்து ‘டு த ஜேம்ஸ்’, பிறகு ‘இட்ஸ் மை டர்ன்’. ‘லெட் த ரிதம் ஹிட் எம்’ ஆல்பத்தைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். எந்த அடி பால் சியுடையது, எந்த அடி லார்ஜ் புரொஃபசருடையது என்று ரசிகர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்; அட்டையைப் பார்த்துத் தீர்க்க முடியாத சண்டை என்பதால், முன்னால் சொன்ன மூன்று பாட்டுகளையும் கேட்ட காதோடு நீங்களும் அதில் கலந்துகொள்ளலாம்.